கணினி வாசலில் ஒரு கிராணி



இன்றைய பேச்சில் முதலில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போய் வருகிறார். பிள்ளைகள் மூவர். வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் போடப்பட்டிருக்கிறது. அதற்கு விலை இல்லை, பழைய பொறியிலும் ஓடும் என்பதால் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

இரவு மணி 9. மூத்த மகள் நாளைக் காலையில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை கணினிக்குள் இருக்கிறது. திரையில் தன் பெயரைத் தேர்ந்தெடுக்கிறாள். கடவுச்சொல்லைத் தட்டுகிறாள். திரை ஒரு நொடி கறுத்துப் போகிறது. பிறகு, பெயர் கேட்கும் அதே பக்கம் மறுபடியும் வந்து நிற்கிறது. மீண்டும் தட்டுகிறாள், மீண்டும் அதே பக்கம்.

"அக்கா, ஒயரைப் பிடுங்கிட்டு மறுபடி போடுவோமா?" என்கிறான் தம்பி.

"தொடாதேடா! உள்ளே என் கட்டுரை இருக்கு" என்கிறாள் அவள்.

"நாளைக்கு டவுனுக்கு எடுத்துப் போய்க் கடையில் காட்டலாம்மா" என்கிறார் அப்பா. நாளைக்கு என்றால் கட்டுரைக்கு நேரம் கடந்துவிடும். கடைக்கு என்றால் பேருந்துக் காசும் கூலியும் ஆகும். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டாலோ, செய்த வேலை எல்லாம் போய்விடும்.

இந்த வீட்டில் இன்றிரவு என்ன செய்யலாம்? அதைத்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

பெயர் கேட்கும் அந்தத் திரையைக் காட்டுவது கணினிக்குள் இருக்கும் ஒரு தனி மென்பொருள். ஆங்கிலத்தில் அதை டிஸ்ப்ளே மேனேஜர் என்பார்கள். நுழைவு மேலாளர் என்று நாம் தமிழில் சொல்லலாம். அவருடைய வேலை என்ன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது கடினமே அல்ல. நம் மூத்தவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடிவதற்கு முன்னே மணி அடிக்கும். எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கிராணி செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் கொடுத்தவருக்கு அன்றைய வேலைக்காடு சொல்லப்படும். பெயர் பதியாதவருக்கு அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

நுழைவு மேலாளரும் அப்படித்தான். வருபவரின் பெயரைக் கேட்கிறார். கடவுச்சொல்லைச் சரிபார்க்கச் செய்கிறார். சரியாக இருந்தால் அவரவர் வேலைக்காட்டுக்கு, அதாவது அவரவர் படங்களும் கோப்புகளும் உள்ள திரைக்கு அனுப்பி வைக்கிறார். வேலை முடிந்து வெளியேறும்போது மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறார். ஆகவே அவரைக் கணினி வாசலில் இருக்கும் கிராணி என்றே நாம் அழைக்கலாம்.

இந்தக் கிராணி எப்போது வேலைக்கு வந்தார்? லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்நாளில் படமுள்ள திரை அரிது. தட்டெழுத்துப் பொறி போன்ற ஒன்றின் முன் அமர்ந்து பெயரைத் தட்டினால் கணினி எழுத்தாலேயே பதில் சொல்லும். மனிதரும் கணினியும் எழுத்தால் பேசிக்கொண்ட காலம் அது. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் எக்ஸ் என்னும் சாளர முறை பிறந்தது. யூனிக்ஸ் கணினியின் திரையில் பெட்டி பெட்டியாகப் படங்களும் எழுத்துகளும் வரத் தொடங்கின. படத்திரை வந்த பிறகு அதற்கென்று ஒரு வாசலும் வேண்டியதாயிற்று. 1988-இல் கீத் பேக்கார்ட் என்பவர் எழுதிய எக்ஸ்டிஎம் என்னும் நுழைவு மேலாளர் எக்ஸ் முறையோடு சேர்ந்து வெளிவந்தது. கணினி வாசலுக்கு வந்த மூத்த கிராணிகளில் அவர் ஒருவர். இன்று ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம் என்று பல பெயர்களில் இவர்கள் இருக்கிறார்கள். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் வந்தன. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டுச் சாமுராய்கள் என்று இங்கே இன்றும் சொல்வதுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணைப் பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டிய தொழிலாளர்களில் தோட்டத்துக் குடும்பங்களின் பெண்களும் இருந்தார்கள். அதே ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் தன் யூனிக்ஸ் கணினிகளுக்காக வியூ என்ற படத்திரை முகப்பை அமெரிக்காவில் உருவாக்கியிருந்தது. 1993-இல் பெரிய யூனிக்ஸ் நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொதுவான ஒரு முகப்பை அமைக்க முடிவு செய்தபோது, அதற்கு முக்கிய அடிப்படையாக இருந்தது இந்த வியூதான்.

இன்று பினாங்கில் சில்லுகளைப் பொருத்துவது மட்டுமல்ல, அவற்றை வடிவமைக்கும் வேலையும் நடக்கிறது. அந்த வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் லினக்ஸ் கணினிகளில்தான் ஓடுகின்றன. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில், 2014-இல் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. இன்று அங்கே தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே யூனிக்ஸ் வழிவந்த கணினியோடு எழுத்தால் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அறிவு இன்றைய கட்டுரைக்கு மட்டுமல்ல, நாளைய வேலைக்கும் உதவும்.

சரி, நம் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே மகள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வாசல் வேறு, வீடு வேறு. கிராணி வழி விடவில்லை என்பதால் தோட்டம் எரிந்துவிட்டது என்று பொருள் அல்ல. நுழைவுத் திரை தடுமாறும்போது, அதன் பின்னால் கணினி பெரும்பாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கோப்புகளும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே மின்கம்பியைப் பிடுங்குவது முதல் வைத்தியம் ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு கெட்டுப்போகவும் கூடும்.

முன்வாசல் அடைத்திருந்தால் பின்வாசலுக்குப் போக வேண்டும். லினக்ஸ் கணினிகளில் அப்படிப் பின்வாசல்கள் உண்டு. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்வரிசையில் உள்ள எஃப்-3 விசையைத் தட்டுங்கள். படம் மறைந்து கறுப்புத் திரை வரும். அதில் வெள்ளை எழுத்தில் லாகின் என்று கேட்கும். சில மடிக்கணினிகளில் எஃப்-என் என்ற விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். திரும்பப் படத்திரைக்குப் போக, அதே முறையில் எஃப்-1 தட்டிப் பாருங்கள். வராவிட்டால் எஃப்-2, எஃப்-7 என்று தட்டிப் பாருங்கள். இவற்றுள் ஒன்றில் அது இருக்கும்.

கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1969-இல் இருந்த அந்த எழுத்து வாசல்தான் இது. பெயரைத் தட்டுங்கள். இங்கே கேட்பது திரையில் தெரியும் முழுப்பெயர் அல்ல. கணினியில் பதிந்த சிறிய ஆங்கில எழுத்துப் பெயர். பிறகு கடவுச்சொல். இதைத் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. விசை வேலை செய்யவில்லை என்று பலர் இங்கே ஏமாந்து போகிறார்கள். அருகில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தட்டி முடித்து எண்டர் விசையை அழுத்துங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யும் வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, படத்திரையில் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்தால், நீங்கள் சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் கணினிக்குப் போவது வேறு எழுத்துகளாக இருக்கும். கடவுச்சொல் தவறு என்று நுழைவுத் திரை சொன்னால், மூலையில் உள்ள மொழிக் குறியைப் பாருங்கள். பெரிய எழுத்து விசை பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்துகளைக் காட்டத் தெரியாது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டாம். படத்திரைக்குத் திரும்பினால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

உள்ளே நுழைந்தாயிற்று. இனிக் கட்டளைகள். வானொலியில் கட்டளை சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்துகள் இரண்டு தமிழில் ஒன்றுபோல ஒலிக்கும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். டீ என்று நீட்டிச் சொன்னால், தேநீர் என்பதன் ஆங்கிலச் சொல்லுக்கு முதல் எழுத்து. டி என்று குறுக்கிச் சொன்னால், டாக்டர் என்ற சொல்லுக்கு முதல் எழுத்து. எல்லாம் சிறிய எழுத்துகளே. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டளை, கிராணியின் நலம் விசாரிப்பது. எஸ், ஒய், எஸ், டீ, ஈ, எம், சி, டீ, எல். இடைவெளி இல்லாமல் ஒன்பது எழுத்துகள். சிஸ்டம்சிடிஎல் என்று படிக்க வேண்டும். பிறகு ஓர் இடைவெளி. பிறகு ஸ்டேட்டஸ் என்ற சொல். மீண்டும் இடைவெளி. பிறகு டிஸ்ப்ளே, ஒரு சிறுகோடு, மேனேஜர். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடாது. ஸ்டேட்டஸ், டிஸ்ப்ளே, மேனேஜர் ஆகியவை பள்ளிப் பிள்ளைகள் அறிந்த ஆங்கிலச் சொற்களே. அகராதியில் உள்ளபடி எழுதினால் போதும்.

சிஸ்டம்சிடிஎல் என்பது யார்? இன்றைய லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் சிஸ்டம்டி என்னும் மென்பொருள்தான் மற்ற எல்லா வேலையாட்களையும் எழுப்பி, வேலைக்கு அனுப்பி, விழுந்தவரைத் தூக்கிவிடுகிறது. தோட்டத்தில் என்றால் பெரிய கிராணி என்று சொல்லலாம். அவருக்கு நாம் எழுதும் சீட்டுத்தான் சிஸ்டம்சிடிஎல் என்ற கட்டளை. வாசல் கிராணியின் பெயர் ஜிடிஎம் ஆனாலும் லைட்டிஎம் ஆனாலும், டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற பொதுப்பெயரில் கூப்பிட்டால், பழக்கமான லினக்ஸ் வகைகளில் பெரிய கிராணி புரிந்துகொள்வார்.

இப்போது பதில் வரும். ஆக்டிவ், ரன்னிங் என்ற சொற்கள் தெரிந்தால் வாசல் கிராணி உயிரோடு, வேலையில் இருக்கிறார். ஃபெயில்ட் என்று இருந்தால் விழுந்து கிடக்கிறார். கீழே சில வரிகள் இருக்கும். அவை கடைசியாக நடந்தவற்றின் குறிப்பு. பதில் நீளமாக இருந்து திரை அப்படியே நின்றுவிட்டால், கியூ என்ற எழுத்தைத் தட்டுங்கள். மீண்டும் கட்டளை இடத்துக்கு வந்துவிடும்.

நம் வீட்டு மகள் இதைத் தட்டினாள். ஆக்டிவ் என்று வந்தது. அப்படியானால் குற்றம் கிராணியிடம் இல்லை. அவர் உள்ளே அனுப்புகிறார். ஆனால் உள்ளே போன வேகத்தில் ஏதோ அவளைத் திருப்பி அனுப்புகிறது. இதுவே நமக்குக் கிடைத்த முதல் தடயம்.

இரண்டாவது கட்டளை, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. எல், ஓ, ஜி, ஐ, என், சி, டீ, எல். எட்டு எழுத்துகள், லாகின்சிடிஎல். இதை மட்டும் தட்டி எண்டர் அழுத்தினால் செக்ரோலே திரையில் வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் முதலில் அமர்வின் எண், அடுத்து ஆளுக்குரிய எண், பிறகு ஆளின் பெயர், எந்த வாசலில் இருக்கிறார் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். வாசல் கிராணிக்கே ஒரு வரி இருக்கலாம். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மகள் பார்த்தபோது அந்தப் பட்டியலில் தம்பியின் பெயரும் இருந்தது. மாலையில் அவன் பள்ளிக்காக ஒரு படம் வரைந்து, சேமிக்காமல், ஆள் மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு விளையாடப் போயிருந்தான். அவனுடைய வேலை இன்னும் உள்ளே உயிரோடு இருந்தது. இந்த வரியைப் படிக்காமல் கணினியை நிறுத்தியிருந்தால், அக்காவின் கட்டுரையைக் காப்பாற்றப் போய்த் தம்பியின் படத்தை அழித்திருப்பாள்.

மூன்றாவது கட்டளை, இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, எச். கணினியின் சேமிப்புத் தட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் காட்டும். வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே 100 என்று இருந்தால் தட்டு நிரம்பிவிட்டது. ஒருவர் உள்ளே நுழையும்போது படத்திரை சில சிறு குறிப்புகளை எழுதி வைக்க வேண்டும். எழுத இடம் இல்லையென்றால் அது மடங்கிப்போய், ஆளை வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மகள் பார்த்தாள். 100 என்றே இருந்தது. "நேத்து எத்தனை படம் இறக்கினே?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து என்ன? உபுண்டு, டெபியன் வகைக் கணினிகளில், புதுமென்பொருள் போடும்போது இறக்கிய மூட்டைகள் ஓரமாகக் கிடக்கும். போட்டு முடித்த பிறகு அவை தேவையில்லை. அவற்றைத் துப்புரவு செய்யும் கட்டளை இது: எஸ், யூ, டி, ஓ, இடைவெளி, ஏ, பி, டீ, இடைவெளி, கிளீன் என்ற ஆங்கிலச் சொல். ஏ, பி, டீ என்பதில் நடுவில் வரும் பி பினாங்கின் பி. இது நம் கோப்பு எதையும் தொடாது.

முதலில் வந்த அந்த சூடோ என்ற சொல்லைக் கவனியுங்கள். இதைக் கட்டளைக்கு முன் வைத்தால், மேலாளரின் அதிகாரத்தோடு செய் என்று பொருள். கணினி உங்கள் கடவுச்சொல்லை மறுபடியும் கேட்டுச் சரிபார்க்கும். எல்லாருக்கும் இந்த அதிகாரம் இராது. உபுண்டுவில் கணினியை அமைக்கும்போது முதலில் பதிந்த ஆளுக்கு அது கிடைக்கும். நம் வீட்டில் அது மூத்த மகள்.

துப்புரவு முடிந்தது. கொஞ்சம் இடம் கிடைத்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-1 தட்டினாள். பழைய நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை கறுத்தது, பிறகு அவளுடைய பக்கம் விரிந்தது. கட்டுரை வைத்த இடத்திலேயே இருந்தது. கணினியை நிறுத்தவும் இல்லை, கிராணியை எழுப்பவும் இல்லை. தம்பியின் படமும் பிழைத்தது.

ஆனால் எல்லா இரவும் இப்படி முடியாது. சில வேளைகளில் கிராணி உண்மையிலேயே விழுந்து கிடப்பார். புதுப்பித்தல் ஒன்று பாதியில் நின்றிருக்கலாம். படம் காட்டும் பகுதிக்கான மென்பொருள் பொருந்தாமல் போயிருக்கலாம். திரை உறைந்துபோய் எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் நிற்கலாம். அப்போது கிராணியை எழுப்பி மறுபடியும் வேலையில் வைக்க வேண்டும். கட்டளை: சூடோ, இடைவெளி, சிஸ்டம்சிடிஎல், இடைவெளி, ரீஸ்டார்ட், இடைவெளி, டிஸ்ப்ளே-மேனேஜர். ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ஸ்டாப் என்று எழுதினால் அவர் போய்விடுவார். ஸ்டார்ட் என்று எழுதினால் திரும்ப வருவார்.

இங்கே நேயர்கள் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இந்த ரீஸ்டார்ட் கட்டளை வாசலை மட்டும் தொடுவதல்ல. அந்தக் கிராணி யார் யாரைப் படத்திரைக்கு அனுப்பினாரோ, அவர்கள் எல்லாருடைய திரையும் அதோடு மூடப்படும். சேமிக்காத வேலை போய்விடும். மறுபடி கேள்வி கேட்காது. ஆகவேதான் லாகின்சிடிஎல் என்று செக்ரோலைப் பார்த்த பிறகே ரீஸ்டார்ட் என்று சொல்கிறோம். முறையை மாற்றக் கூடாது.

ஒருவருடைய திரை மட்டும் உறைந்திருந்தால் எல்லாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. செக்ரோலில் அவருடைய வரியின் தொடக்கத்தில் உள்ள முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 4 என்று வைத்துக்கொள்வோம். சூடோ, லாகின்சிடிஎல், டெர்மினேட்-செஷன், 4 என்று இடைவெளி விட்டு எழுதினால் அவர் ஒருவருடைய திரை மட்டும் மூடப்படும். டெர்மினேட், செஷன் ஆகிய இரண்டுக்கும் நடுவே சிறுகோடு உண்டு. மூடாமல் பூட்ட மட்டும் வேண்டுமானால், டெர்மினேட் என்ற இடத்தில் லாக் என்று எழுதலாம். அவருடைய வேலை அப்படியே இருக்கும். கடவுச்சொல் கொடுத்துத் திரும்பத் திறந்துகொள்வார். எண்ணைத் தவறாகப் படித்தால் வேறொருவரை வெளியேற்றிவிடுவோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. படத்திரை நினைவகத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும். கறுப்புத் திரையிலேயே வேலை செய்யப் பழகியவர்கள், கணினி தொடங்கும்போது வாசல் கிராணியே வர வேண்டாம் என்று சொல்லிவைக்கலாம். சூடோ, சிஸ்டம்சிடிஎல், செட்-டிஃபால்ட், மல்ட்டி-யூசர், புள்ளி, டார்கெட். இதில் கடைசி மூன்றும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக வர வேண்டும். அடுத்த முறை தொடங்கும்போது எழுத்து வாசல் மட்டும் வரும். படம் வேண்டும்போது முன்னே சொன்ன ஸ்டார்ட் கட்டளை போதும். பழையபடி எப்போதும் படம் வேண்டுமானால், மல்ட்டி-யூசர் என்ற இடத்தில் கிராஃபிக்கல் என்று எழுதி மாற்றிவிடலாம்.

முடிவாக, அதிகாரத்தைப் பற்றி ஒரு சொல். சூடோ தெரிந்துவிட்டது என்று பள்ளியிலும் வேலையிடத்திலும் நூல்நிலையத்திலும் உள்ள கணினிகளில் இதையெல்லாம் செய்து பார்க்கக் கூடாது. அவற்றுக்குப் பொறுப்பானவர் இருப்பார். அவரிடம் சொல்வதே முறை. கைப்பேசியில் யாரோ அனுப்பிய கட்டளையை, பொருள் அறியாமல், சூடோ போட்டுத் தட்டவும் கூடாது. என்னவென்று தெரியாத சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

நேயர்களே, நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் செக்ரோலில் தங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். முழு நாள் வேலைக்கு அரைப்பேர் போட்டிருந்தாலும் கேட்கத் தெரியாது. படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்கு அந்த வேதனையும் ஒரு காரணம். இன்று நம் பிள்ளைகள் முன்னால் வேறொரு செக்ரோல் இருக்கிறது. அதைப் படிக்க ஏழெட்டுக் கட்டளைகள் போதும்.

முறையை மீண்டும் ஒருமுறை சொல்லி முடிக்கிறோம். திரை வழி விடாவிட்டால் கம்பியைப் பிடுங்காதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 வழியாகப் பின்வாசலுக்குப் போங்கள். கிராணியின் நலம் விசாரியுங்கள். செக்ரோலைப் பாருங்கள். இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரிந்தால் அதைச் சரிசெய்யுங்கள். ஒன்றுக்கும் வழியில்லை என்றால் மட்டும், உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, கிராணியை மறுபடி எழுப்புங்கள். கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். திரை கறுத்த இரவில் கணினிக்குள் இருக்கும் குறிப்பு உதவாது.

அந்த வீட்டில் மணி 10 ஆகிறது. கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி தன் படத்தைச் சேமித்துவிட்டு, இறக்கிவைத்த திரைப்படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.